பாதி பழைய எண், பாதி புதிய எண்

ஆனைமலைக்குப் பக்கத்தில் அங்கப்பனின் தோட்டத்துக் கிணற்றில் தூர் வார வேண்டியிருந்தது. வேலைக்கு வந்த சரவணனை இரும்புத் தொட்டியில் நிற்க வைத்து கிரேன் இறக்கிக்கொண்டிருந்தது. கிரேனின் கன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதிய நிலோஃபர், மேலே நின்று, இறங்கும் கயிற்றின் நீளம் திரையில் எண்ணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

254. 255. சட்டென்று 511.

பிரேக் விழுந்தது. தொட்டி குலுங்கிப் பாறையில் மோதியது. கீழிருந்து அலறல் கேட்டது. அடுத்த கணம் திரையில் 256.

"சரவணா, அடி பட்டுதா?" என்று அங்கப்பன் குனிந்து கேட்டார்.

"முழங்கைல பட்டுருச்சுங்க. மேல தூக்குங்க."

அவர் பொத்தானுக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் நிலோஃபர்.

"ஏனுங்க அம்மணி, ஆள் தொங்கறானே?"

"ஏத்தும்போதும் அதே இடத்தத் தாண்டணுங்க. மறுபடி பிரேக் விழலாம். கரன்ட நிறுத்துங்க, பிரேக் தானா பிடிச்சுக்கும். கையால சுத்தலாம்."

இருவரும் கைப்பிடியைச் சுற்றினார்கள். 511 அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கயிறு இறங்க இறங்க, ஓடும் புரோகிராமை இடைமறிக்கும் இன்டரப்ட் குறுக்கே புகுந்து எண்ணிக்கையைக் கூட்டும். கன்ட்ரோலரில் உள்ள சின்ன சிப் பெரிய எண்ணை இரண்டு துண்டாகத்தான் படிக்கும். 255இன் கீழ்த்துண்டைப் படித்ததும் இன்டரப்ட் புகுந்து எண்ணை 256 ஆக்கிவிட்டது. மேல்துண்டு புதிய எண்ணிலிருந்து வந்தது; இரண்டும் ஒட்டி 511 ஆகிவிட்டது. கிணற்றின் அடி வந்துவிட்டது என்று நம்பி கிரேன் நின்றுவிட்டது. எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறிக்கு 'வாலட்டைல்' என்று போட்டாலே போதும் என்று அவள் நினைத்திருந்தாள். அது ஒவ்வொரு முறையும் எண்ணைப் புதிதாகப் படிக்க வைக்கும், அவ்வளவுதான். படிக்கும்போது நடுவில் எதுவும் புகாமல் தடுக்காது.

சரவணன் மேலே வந்து, ரத்தம் வழியும் கையோடு தரையில் உட்கார்ந்தான்.

கிணத்துக்கடவில் ஒரு கிணற்றிலும் இதே கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. சரவணம்பட்டியில் இருந்த தன் முதலாளி கிருபாசங்கரை அவள் போனில் பிடித்தாள்.

"சார், கிணத்துக்கடவு கிரேன நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னைக்குத்தானே ஆரம்பிச்சாங்க? சாயங்காலம் பாத்துக்கலாமே."

"என் புரோகிராம் தப்பு சார். உள்ள ஆள் இருப்பாங்க."

"சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

தென்னை நிழலில் லேப்டாப்பைத் திறந்தாள். எண்ணைப் படிக்கும் முன் இன்டரப்டை நிறுத்தி, வேறொரு மாறியில் நகலெடுத்து, உடனே திரும்ப அனுமதிக்கும்படி மாற்றினாள். முடிப்பதற்குள் கிருபாசங்கர் போனில் அழைத்தார்.

"ரெண்டு பேர் உள்ள இருந்தாங்க நிலோஃபர். கையாலயே ஏத்திப்போட்டாங்க."

அவள் மீதி வரிகளை எழுதி முடித்து, புதிய புரோகிராமைக் கன்ட்ரோலரில் ஏற்றினாள்.

மதியம் முழுக்க ஆளுக்குப் பதிலாகக் கல் மூட்டைகள் கிணற்றுக்குள் இறங்கி ஏறின. ஒருமுறைகூட நடுவழியில் பிரேக் விழவில்லை. கையில் கட்டோடு சரவணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இறங்கறயா?" என்றார் அங்கப்பன்.

"நாளைக்குப் பாக்கலாமுங்க."

நிலோஃபர் வற்புறுத்தவில்லை. தொட்டியில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.