அனுப்பிரியாவுக்கு ஓய்வு விழா

தேவனாம்பட்டினம் அனுப்பிரியா இந்திய ஹாக்கி அணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள் என்று சிதம்பரம் முழுக்கத் தெரிந்திருந்தது. அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. அம்மாவோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே ஆளுயர ஃபிளக்ஸ். 'விடைபெறும் வீராங்கனையே வாழ்க!' பட்டுப்புடவை கட்டிய யாரோ ஒருத்தியின் உடம்பில் இவள் தலையை ஒட்டியிருந்தார்கள். அட பாவிகளா, வெறும் பாராட்டு விழா என்றுதானே கூப்பிட்டீர்கள்!

விழா எடுத்தவர் நடுநாட்டு ஹாக்கி மன்றத் தலைவர் சபாபதி. அவள் பள்ளிக்கூடத்தில் மட்டை பிடித்த நாளிலும் அவர்தான் தலைவர், இன்றைக்கும் அவர்தான். போன வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும், இனி ஆட்டம் அவ்வளவுதான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் கடற்கரை மணலில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஓடியதை அவர் எங்கே கண்டார்? திங்கட்கிழமை பெங்களூரில் தேர்வு முகாம். அதற்குள் 'ஓய்வு' என்று பேப்பரில் வந்துவிட்டால், அவள் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

மண்டப வாசலிலேயே அவரைப் பிடித்துக் கேட்டாள். அவர் சிரித்தார். முப்பது தாண்டியாச்சு, வெட்டித் தைத்த கால், கல்யாணம் காட்சி வேண்டாமா, மன்றத்தில் கோச் வேலை தருகிறேன் என்று அடுக்கினார். நிருபர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், மானத்தை வாங்கிவிடாதே என்றார். அம்மா சின்னம்மாளும் பெரிய மனுசன் பேச்சைத் தட்டாதே என்று கெஞ்சினாள். மகளை இன்னொரு தடவை ஸ்ட்ரெச்சரில் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அது அனுப்பிரியாவுக்குத் தெரியாததல்ல. அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு மேடையேறினாள்.

சபாபதி மூச்சு விடாமல் அவள் புகழைப் பாடி, கடைசியில் பொன்னாடையை விரித்தார். அவள் தலை குனியவில்லை. அதை அவர் கையிலிருந்து வாங்கி அவர் தோளிலேயே போர்த்திவிட்டு, மைக்கைப் பிடித்தாள்.

"இது உங்களுக்குத்தான் ஐயா. இத்தன வருஷமா ஒரே நாற்காலியில உக்காந்து களைச்சிப் போயிட்டீங்க, ஓய்வு எடுத்துக்குங்க. நான் திங்கக்கிழம கேம்புக்குப் போறேன். டீம்ல எடுப்பாங்களோ மாட்டாங்களோ, தெரியாது. வேணான்னா அவுங்க சொல்லட்டும். நீங்க யாரு சொல்றதுக்கு?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பொன்னாடையைக் கழற்றவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் சபாபதி நிற்க, நிருபர்கள் படமாக எடுத்துத் தள்ளினார்கள்.

அவள் இறங்கி வந்து அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். தெருவுக்கு வந்ததும் சின்னம்மாள் மகளின் காலையே பார்த்தாள்.

"நெசமா சொல்லு. இப்ப வலிக்குதா இல்லியா?"

"வலிக்குதும்மா" என்றாள் அனுப்பிரியா. "வலியோடதான் ஆடுவேன்."

கடலூர் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.