வெளிச் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வாசகரே. கார் பத்திரிகை ஒன்று 'டார்க் வெக்டரிங்' பற்றிக் கட்டுரை கேட்டது. "குடும்பக் கதை மட்டும் வேண்டாம் மேடம்" என்றார் ஆசிரியர். என்னைத் தெரிந்தவர்.

முதல் தொடக்கம்: "ஏழாம் வளைவில் அந்தக் கார் சீறிப் பாய்ந்து..." சீறிப் பாயாத கார் எந்தக் கதையில் இருக்கிறது? அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: வீடு மாறும்போது இரண்டு பேர் ஒரு பீரோவைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கூடத்திலிருந்து அறைக்குள் திருப்ப வேண்டும். இருவரும் ஒரே பலத்தில் தள்ளினால் பீரோ நேரே போய்ச் சுவரில் முட்டும். வெளிப்பக்கம் நிற்பவர் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் தானாக உள்ளே திரும்பும். காரில் டார்க் வெக்டரிங் என்பதும் அவ்வளவுதான். வளைவில் பின்பக்க வெளிச் சக்கரத்துக்கு எஞ்சினின் முறுக்குவிசையை, அதாவது டார்க்கை, கூடுதலாக அனுப்பினால், காரின் மூக்கு உள்ளே திரும்பும். எவ்வளவு கூடுதல் என்பதை ஒரு சின்னக் கணினி முடிவு செய்யும். ஓட்டுபவர் தான்தான் கில்லாடி என்று நினைத்துக்கொள்வார்.

(கட்டுரை இங்கே முடிந்தது. ஆசிரியர் விரும்பினால் இத்தோடு எழுந்து போகலாம்.)

2

கதைக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் சோதனை ஓட்டுநர். பந்தயத் தடத்தைச் சுற்றிவிட்டு வந்து, எந்த வளைவில் கார் என்ன குறை வைத்தது என்று தாளில் எழுதுவார். மற்றவர் பொறியாளர். அந்தத் தாளைப் பார்த்துக் கணினியைத் திருத்துவார்.

ஓட்டுநருக்கு வலது மணிக்கட்டு முறிந்து, கூடி, வேலைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து ஏழாம் வளைவில் அவர் கை ஒரு இமைப்பொழுது பிந்துகிறது. தாளில் அவர் எழுதியதோ, "மூக்கு சோம்பல்." பொறியாளருக்கு அவர் எழுதினால் வேதம். வெளிச் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட்டினார். மறுவாரமும் சோம்பல். மறுபடியும் கூட்டினார். இப்படியே ஆறு மாதம். போன வாரம் ஸ்டீயரிங் திரும்பிய நேரங்களைப் பழைய பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோதுதான், பிந்துவது கார் இல்லை, கை என்று பொறியாளருக்குத் தெரிந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே இடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

3

ஓட்டுநரைத் தற்பெருமைக்காரராக எழுதியிருந்தேன். [நீக்கவும். அப்படிப்பட்டவர் இல்லை. புட்டி மூடியை இடது கையால் திறந்துவிட்டு, "லூசாத்தான் இருந்துச்சு" என்பவர்.]

இவ்வளவு விவரம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? சரி. ஓட்டுநர் என் கணவர். பொறியாளர் என் அண்ணன். பீரோ எங்களுடையது.

வரும் ஞாயிற்றுக்கிழமை இவர் அதே தடத்தில் பந்தயம் ஓட்டப் போகிறார், கணினி எதுவும் இல்லாத பழைய கார் ஒன்றில். ஏழாம் வளைவுக்கு வெளியே கான்கிரீட் சுவர். அண்ணன் எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னான்: "நான் சொன்னா மாப்ள மூஞ்சில முழிக்க முடியாது. நீ சொல்லிடு."

"ஆறு மாசமா நீ கூட்டிக்கிட்டே இருப்ப, இறக்கி வைக்க மட்டும் நானா?" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

4

முடிவு அ: கார் சுவரை நோக்கி

எழுத மாட்டேன்.

முடிவு ஆ: கை சரியாகத் திரும்புகிறது, கூட்டம் கை தட்டுகிறது. எழுதி முடித்து, நானே நம்பாமல் கிழித்தேன்.

முடிவு இ: மனைவி சொல்லிவிடுகிறாள். மூன்று நாளாக முயன்றேன். நேற்று, "என்னங்க, அந்த ஏழாம் வளைவு..." என்று தொடங்கி, "ரொம்பக் கஷ்டமோ?" என்று முடித்தேன்.

"உங்கண்ணன் செஞ்சு குடுத்த காருல தூங்கிக்கிட்டே திரும்பலாம்" என்றார். முகமெல்லாம் பெருமை, மச்சானைப் பற்றி.

5

நான் எதை எழுதினாலும் முதல் பிரதியை வாசிப்பவர் அவர்தான். வளைவுக்கு எழுதுவது போலவே ஓரத்தில் குறை எழுதுவார்.

ஆகவே, 'வாசகரே' என்று இவ்வளவு நேரம் கூப்பிட்டது உங்களைத்தாங்க. இதை உங்கள் ஹெல்மெட்டுக்குள் வைக்கிறேன். கோபம் வரும், வரட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கதைக்கும் "மூக்கு சோம்பல்" என்றுதான் எழுதுவீர்கள். உண்மைதான், நானும் பிந்தித்தான் திரும்பியிருக்கிறேன்.

முடிவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதுங்கள். வலது கையால்.