பன்னிரண்டு தகடுகள்

கோட்டின் முதுகுப் பக்கத்தை இழுத்துப் பிடித்து யாதிரா நான்காவது ஊசியைக் குத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அப்பா எவரார்தோ கடைசி ஐந்து மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். சவப்பெட்டிக்குள் கோட்டு அவர்மேல் கூடாரம்போலக் கிடந்தது.

"எடு. ஊசிய நான் பிடிச்சுக்கிறேன்," என்றாள் அம்மா ஓஃபெலியா. அப்பாவின் தோளை விடாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

ஆலையின் சோதனைக்கூடத்திலிருந்து இரினேயோ பேசினான். யாதிராவின் கீழ் வேலை பார்ப்பவன்.

"அக்கா, இன்னைக்குப் போய் இதச் சொல்லலாமான்னு தெரியல. மத்தியானத்தோட மூவாயிரம் மணி நேரம் முடிஞ்சுது. நம்ம புதுப் பூச்சு அடிச்ச பன்னிரண்டு தகட்டையும் உப்புத்தண்ணி தெளிக்கிற பெட்டியிலேர்ந்து எடுத்துட்டேன். ஒண்ணுல கூட அரிப்பு இல்ல. திங்கக்கிழமை நீங்க கையெழுத்துப் போட்டா மஞ்சளுக்கு மூடுவிழாதான்."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சிவாவா நகரத்து ஓரத்தில் இருக்கும் அந்த ஆலை விமான இறக்கைக்கான பாகங்களைச் செய்கிறது. அலுமினியம் அரிக்காமலிருக்க அதன்மேல் முதலில் மஞ்சள் அடிப்பூச்சு அடிப்பார்கள். அதில் குரோமியம் உண்டு. உலோகத்தை அதைப்போலக் காப்பாற்றுவது வேறில்லை, அடிப்பவன் நெஞ்சுக்கு அதைப்போலக் கெடுதல் செய்வதும் வேறில்லை. அப்பா முப்பத்தொரு வருஷம் மஞ்சள் அடித்தவர். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டும் பிடித்தவர். எது கொன்றது என்று கேட்டதற்கு டாக்டர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். யாரைத் திட்டுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மஞ்சளுக்கு மாற்றாகக் குரோமியம் இல்லாத சாம்பல் நிறப் பூச்சு ஒன்றைத் தேடி யாதிரா நாலு வருஷமாக அலைகிறாள். இரண்டு கலவைகள் ஆயிரம் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இது மூன்றாவது.

நாலு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. பட்டை போட்ட காபி, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பரீத்தோ ரொட்டி, ஜெபமாலையோடு முன்வரிசைப் பெண்கள். வந்தவர்களிடமெல்லாம் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவரு கடைசியா அடிச்ச தகடு அத்தனையும் பாஸாம். இனிமே பையன்களுக்கு அந்த விஷம் வேண்டாமாம்."

அப்பாவோடு இருபது வருஷம் பெயின்ட் அறையில் நின்ற எலெனோ மட்டும் அதைக் கேட்டு முகம் மலரவில்லை. காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு யாதிராவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் தகடெல்லாம் உங்கப்பாதானே அடிச்சாரு?"

"அவருதான் மாமா. வேற யாருக்கு அந்தக் கை வரும்?"

"அடியில மஞ்சள் இருக்கு, பாப்பா."

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு அடியில?"

"உன் சாம்பலுக்கு அடியில. மெல்லிசா ஒரு கை மஞ்சள், காஞ்சதும் அதுக்கு மேல உன்னுது. ரெண்டும் சேர்ந்தாலும் கனம் சரியா இருக்கும், அளந்தாத் தெரியாது. நான்தான் கதவுல காவல் நின்னேன்."

"ஏன் மாமா?"

"ரெண்டு தடவ தோத்துட்டு வந்து சமையக்கட்டுல உக்காந்து அழுதியாமே. மூணாவதும் போச்சுன்னா வேலையே போயிடும்னு சொன்னியாமே. எம்பொண்ணு மறுபடி அழக்கூடாதுன்னாரு. மொதல்ல நான் விளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சேன்."

"பன்னிரண்டுலயுமா?"

"தெரியல. பாதியில சூப்பர்வைசர் கூப்பிட்டாரு, போயிட்டேன்."

"இத்தனை மாசமாச் சொல்லலையே."

"சாகக் கிடக்கிற ஆளக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?" எலெனோ இருமினார். இருமல் அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீ பேசாம இருந்தா எனக்கு லாபம்தான். திங்கக்கிழமையிலேர்ந்து மஞ்சள் கிடையாது. ஆனா அந்த விமானத்துல ஜனங்க உக்காந்து போறாங்களே. அதான் சொல்லிட்டேன். இனி உன் பாடு."

அவர் உள்ளே போய்விட்டார். யாதிராவும் போய்ப் பெட்டியருகே நின்றாள். கோபம் தலைக்கேறியது. மகள் ஜெயிக்க வேண்டுமென்று இப்படியா செய்வார் ஒரு மனிதர். வாயைத் திறந்தால் அப்பா பெயர் நாறும். இன்னும் ஐந்து மாதமோ ஒரு வருஷமோ எலெனோவும் பெயின்ட் அறையின் மற்ற பத்துப் பேரும் மஞ்சளைத்தான் சுவாசிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டால் எங்கோ ஓர் இறக்கைக்குள், ஆணிகளைச் சுற்றி, யார் கண்ணுக்கும் படாமல் அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கும். எத்தனை தகடுப்பா என்று ஒரு வார்த்தை கேட்க முடிந்தால் போதும்போல இருந்தது. ஊசி குத்திய கோட்டுக்குள் அவர் கச்சிதமாகப் படுத்திருந்தார்.

மறுபடி பின்கட்டுக்கு வந்து இரினேயோவைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணாம் நம்பர் தகட்ட எடு. பூச்ச ஓரத்துல சுரண்டு. தகடு தெரியற வரைக்கும்."

"சுரண்டுனா தகடு பாழ் அக்கா. பதிவேட்டுல வேற எழுதணும்."

"எழுது."

"யார் சொன்னதுன்னு எழுத?"

"நான் சொன்னேன்னு எழுது. போன ஸ்பீக்கர்ல போட்டுட்டுச் சுரண்டு."

இவளும் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். கரகரவென்று கத்தியின் சத்தம் வந்தது. பிறகு நின்றது.

"அக்கா, அடியில மஞ்சளா இருக்கு." தகடுகளை அடித்தது யாரென்று அவனுக்கும் தெரியும்.

"ரெண்டு."

இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவதுக்கு நேரம் பிடித்தது.

"இதுல இல்லக்கா. சாம்பல், அதுக்குக் கீழ வெறும் அலுமினியம்தான்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். பளபளன்னு இருக்கு. இதுலயும் அரிப்பு இல்ல."

யாதிரா கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டோடு நிறுத்திவிட்டாரா? மனசு மாறியதா, மூச்சு வாங்கியதா, இல்லை வரிசை பிசகி இதை மட்டும் விட்டுவிட்டாரா? இந்தப் பூச்சு நிஜமாகவே தாங்குமா? ஒரு தகட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்பாவைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"இன்னும் ஒன்பது இருக்கு. நிறுத்தவா?"

"வேண்டாம். எல்லாத்தையும் சுரண்டு."

உள்ளே ஜெபமாலை தொடங்கிவிட்டிருந்தது. அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் உன்னத் தேடறாங்க. யாரு போன்ல?"

"வேலைம்மா."

"இன்னைக்குமா?" என்றாளே தவிர, அம்மா போகவில்லை. கால் வலியோடு வந்து மகள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். "என்ன சத்தம் அது?"

"அப்பா அடிச்ச தகடு. சுரண்டிப் பாக்கறாங்க."

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லா அழுத்திச் சுரண்டச் சொல்லு," என்றாள். "அவரு அடிச்சது லேசுல வராது."

யாதிரா போனை அம்மாவின் பக்கமாகச் சற்று நகர்த்தி வைத்தாள். இரினேயோ நான்காவதைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.