ஒன்பதாம் வகுப்புக்கு முந்தின கோடை

அந்த வீட்டில் அவளைச் சித்தி என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். ஆனாலும் போகப் போக அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. மாடி வீட்டுக்காரர் சித்தி என்பார், பால் போடுகிறவர் சித்தி என்பார். சில சமயம் கணவரே வாய் தவறி, "சித்தி, சாவி எங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். முதல் மனைவி இறந்தபின் சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடிவிட்டு, பிறகு சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டவர். மகளுக்கு அவர் வைத்த செல்லப்பெயர் வாலு. சேட்டை ஒன்றும் கிடையாது, வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம்.

வாலுவுக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம், "இனிமே இவ ஹைஸ்கூல் பொண்ணு. பேசணும்னா நாம முன்கூட்டியே சொல்லி வச்சிட்டுத்தான் பேசணும்" என்று கிண்டல் செய்துகொண்டே அவர் வேலைக்குக் கிளம்பினார். சாயங்காலம் பணிமனையில் வண்டியை நிறுத்தியவர் இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளீனர் ஓடிவந்து தூக்கியபோது உயிர் இல்லை.

வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனபின் வீட்டில் இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள். இருவருக்கும் நடுவில் இருந்து பேசிச் சிரிக்க வைத்தவர் அவர். அவர் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. வாலு தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சித்தி தட்டை வைத்துவிட்டு வருவாள், பாதி தொட்டும் தொடாமலும் இருக்கும் தட்டை எடுத்து வருவாள்.

சித்திக்கு எழுதுபொருள் கடையில் வேலை. கோடை பிறந்தால் கடை திருவிழாக் கூட்டமாகிவிடும். பெரிய பள்ளிக்குப் போகிற பிள்ளைகளோடு பெற்றோர்கள் வந்து நிற்பார்கள். ஜாமெட்ரி பாக்ஸ், கால்குலேட்டர், வரைபடத் தாள், பைண்டர் என்று எடுத்துக் கொடுத்துக் கை ஓயாது. ஒருநாள் ஓர் அப்பா மகளின் முதுகில் ஒவ்வொரு பையாக மாட்டி, "கொஞ்சம் நட, பாக்கலாம்" என்று கடைக்குள்ளேயே நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கிடங்குக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அன்று வீட்டுக்கு வரும்போது ஒரு கட்டு நோட்டும் அட்டை போடுகிற தாளும் வாங்கி வந்தாள். வாலுவின் அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து விரித்தாள்.

"என்ன இது?"

"ஒன்பதாம் வகுப்புக்கு."

"நான் ஸ்கூலுக்குப் போகல."

"சரி" என்றாள் சித்தி. தாளை மடித்து வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தாள். புத்தி சொல்லவில்லை. சொல்லத் தெம்பும் இல்லை. வெகுநேரம் கழித்து வாலு கட்டிலை விட்டு இறங்கி வந்து ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தாள்.

"கடையில வேலை பாக்குறீங்கன்னு பேரு. மூலையெல்லாம் கோணல் கோணலா இருக்கு."

"அப்ப நீ போடு."

வாலு உட்கார்ந்து போட்டாள். அவர் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

அதன்பின் அந்தக் கோடையே பள்ளிக்கூடத்துக்கான கோடையாகிவிட்டது. காலையில் கடைக்குப் போகுமுன் சித்தி கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைப்பாள். இயற்கணிதம் அவளுக்குச் சுத்தமாக வராது. "இந்த எக்ஸ் எங்க போய் ஒளிஞ்சுக்குது, அதையாவது சொல்லு" என்பாள். வாலு தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பாள். சொல்லிக்கொடுத்ததில் அவளுக்கே கணக்குப் பிடிபட்டது.

புதுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடுமுறை நாளில் இருவரும் ஒத்திகை பார்க்கப் போனார்கள். இரண்டாவது பஸ்ஸின் ஓட்டுநர் கண்ணாடியில் வாலுவைப் பார்த்துவிட்டார். அப்பாவோடு வேலை பார்த்தவர். நிறுத்தத்தில் திரும்பி, "நீ நம்ம அண்ணன் பொண்ணுதானே?" என்றார். "நல்லாப் படி தாயி. எனக்கு இந்த ரூட்ட சொல்லிக் குடுத்ததே உங்கப்பாதான்." பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார். வண்டியை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது. அதுவரை யார் எதிரிலும் அழாத சித்தி உட்கார்ந்த சீட்டிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். வாலு அவள் முந்தானையைச் சரிசெய்து, ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வைத்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடந்தார்கள்.

சீருடை எடுத்த கடையில் விற்பனையாளர், "அம்மா, வளர்ற பொண்ணு. ஒரு சைஸ் கூட எடுங்க" என்றார். சித்தி தயங்கி வாலுவைப் பார்த்தாள். 'அம்மா இல்ல, சித்தி' என்று முன்பெல்லாம் எங்கே போனாலும் வெடுக்கென்று திருத்துகிறவள் அவள். இன்று ஒன்றும் சொல்லாமல் பாவாடையின் இடுப்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை தன் காலில் செருப்பு இருந்ததா என்பதே சித்திக்குத் தெரியாது. அத்தனை சந்தோஷம்.

இடையிடையே வாலுவின் தாய்மாமன் போன் செய்வார். வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வாலு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவாள். மாமனோடு பேசட்டும், மனசு லேசாகும் என்று சித்தி நினைத்துக்கொள்வாள்.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது மாமா நேரில் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். அங்கயே ஹைஸ்கூல்ல இடம் சொல்லி வச்சிருக்கேன். என் பொண்ணும் அதே வகுப்புதான்."

"இங்க எல்லாம் தயாரா இருக்கே அண்ணா. யூனிஃபார்ம்கூட எடுத்தாச்சு."

"தெரியும். நீ ஒரு குறையும் வைக்கல. ஆனா உனக்கும் வயசு இருக்கு. நாளைக்கே உனக்குன்னு ஒரு வாழ்க்கை அமையலாம். அக்கா பொண்ண உன் தலையில கட்டிட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது?"

அவர் பேச்சில் குத்தல் இல்லை. சித்தி எழுந்து வாலுவின் அறைக்குப் போனாள். வாலு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா சொல்றதுல உனக்கு இஷ்டமா? இல்லன்னா சொல்லு, நான் பேசிக்கிறேன்."

வாலு தலை நிமிரவில்லை. "நான்தான் சித்தி கேட்டேன்."

"எப்ப?"

"அப்பா போன உடனே. இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பாவா இருக்கு. ரோட்டுல பஸ் சத்தம் கேட்டாலே வாசலப் பாக்குறேன். மூச்சு முட்டுது சித்தி."

சித்தியும் பஸ் சத்தம் கேட்டால் வாசலைத்தான் பார்ப்பாள். அதற்காகவே அவள் அந்த வீட்டை விட்டு எங்கேயும் போகமாட்டாள்.

"அப்புறம் ஏன்டி இதெல்லாம்? பஸ்ல போய்ப் பாத்தோம், துணி எடுத்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அதுலதான் கொஞ்சம் சிரிச்சீங்க" என்றாள் வாலு. "அதான் சொல்லல."

சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடை முழுவதும், தான் அவளைத் தேற்றுவதாக நினைத்திருக்க, அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தச் சின்னப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! கோபப்படவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. "சரி, பெட்டிய எடு" என்றாள்.

இருவரும் சேர்ந்தே அடுக்கினார்கள். நோட்டுகள், கால்குலேட்டர், காலுறை. அந்தப் பள்ளியில் சீருடை வேறு நிறம் என்று மாமா கூடத்திலிருந்து சொன்னார். சித்தி இங்கே எடுத்த சீருடையை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். கிளம்பும்போது வாலு அவள் தோளில் முகம் புதைத்து, "போய்ட்டு வரேன்" என்றாள். "கணக்க மட்டும் விட்டுடாத" என்றாள் சித்தி.

மறுநாள் சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். விற்பனையாளர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அளவு சரியில்லையா?" என்றார்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் வாலு போன் செய்தாள். மாமன் மகளும் அவளும் ஒரே பெஞ்ச். கணக்கு டீச்சர் நல்லவர். குரல் தெளிந்திருந்தது. அந்த ஊர்க் காற்று ஒத்துக்கொண்டது என்று சித்திக்குப் புரிந்தது. நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சு வலிக்கவும் செய்தது. முதலில் அடிக்கடி வந்த போன், பிறகு வாரத்துக்கு ஒருமுறையானது, அப்புறம் நினைவு வரும்போது என்றானது.

அரையாண்டு விடுமுறைக்கு வாலு வந்தாள். உயரமாகியிருந்தாள். அவள் இருக்கும் வரை கடைக்கு லீவு சொல்லியிருந்தாள் சித்தி. வந்த அன்று வாலு நிறையப் பேசினாள். எல்லாம் சித்திக்குத் தெரியாத பிள்ளைகளின் கதைகள். மறுநாள் காலையில், தரையைப் பார்த்துக்கொண்டு, "சித்தி, நான் இன்னைக்கே கிளம்பட்டுமா? அங்க எல்லாரும் சேர்ந்து எங்கயோ போறாங்களாம்" என்றாள்.

"அதுக்கென்ன, போய்ட்டு வா."

பேருந்து நிலையத்தில் ஜன்னலோர இடம் பார்த்து உட்கார வைத்தாள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். வண்டி கிளம்பும்போது வாலு வெளியே எட்டி, "உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். பெரிய மனுஷி போல.

வண்டி போனபின் சித்தி வீட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு திரும்பிக் கடைக்குப் போனாள்.

"இன்னும் ரெண்டு நாள் லீவு இருக்குல்ல, பொண்ணு வந்திருக்குன்னு சொன்னீங்களே?" என்றார் முதலாளி.

"போயிட்டா" என்று சொல்லிவிட்டு, காலையில் வந்து இறங்கியிருந்த நோட்டுக் கட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.