மிதவைகளுக்கு அந்தப் பக்கம்

இரண்டு பேர் போகும் கயாக் படகில் சுக்கானைத் திருப்பும் மிதி பின்னால் உட்காருபவரின் காலடியில் இருக்கும். முன்னால் இருந்தால்தான் படம் எடுக்க வசதி என்று அடம்பிடித்து அவளுடைய கணவர் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார். சரி, பிடித்தவர் துடுப்பையாவது போட வேண்டாமா? கரையை விட்டதிலிருந்து அதை மடியில் குறுக்கே வைத்துவிட்டு, கேமராவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய தொப்பையையும் சேர்த்து அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன, படகு நகரவே மாட்டேங்குது? துடுப்பு போடுறியா, வேடிக்கை பாக்குறியா?" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஜோடியின் படகு வந்துகொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. மாமியார் முன்னால், பிள்ளைகள் முன்னால், அவருடைய ஆபீஸ் நண்பர்கள் முன்னால் என்று வாய் வரை வந்ததையெல்லாம் விழுங்கியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

வேலை பார்க்கும் இடத்தில் அவளைப் பார்க்க வேண்டும். பச்சிளம் குழந்தைகள் வார்டில் அவள்தான் மூத்த நர்ஸ். கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறந்து போட்டு, குறைமாதக் குழந்தையோடு செல்ஃபி எடுக்கப் பார்க்கும் அப்பாக்களை ஒரே அதட்டலில் வெளியே துரத்துவாள். டாக்டர்களே அந்தக் குரலுக்கு ஒதுங்கி நிற்பார்கள். வீட்டில் அது யார் காதிலும் விழுந்ததில்லை.

பாறை மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. படகை ஒட்டி ஓர் ஆமை தலையைத் தூக்கி, மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனது. அவளுக்குக் கொஞ்சம் கோபம் ஆறியது. லென்ஸை மாற்றிக்கொண்டிருந்த கணவர் ஆமையைக் கோட்டைவிட்டார்.

"ஏன் சொல்லல?" என்று அதற்கும் அவள்மேல் பாய்ந்தார்.

மணல் திட்டு தெரிந்ததும் முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டி எல்லாப் படகுகளையும் நிறுத்தினான்.

"அந்த ஆரஞ்சு மிதவைங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க. திட்டுல ஆலாப் பறவைங்க குஞ்சு பொரிச்சிருக்கு. கூடெல்லாம் கிடையாது, வெறும் மணல்தான். ஆளைப் பாத்தா தாய் எழும்பிடும். அப்புறம் வெயில் ஒரு பக்கம், கடற்காகம் ஒரு பக்கம். குஞ்சு தாங்காது."

சொல்லி வாய் மூடவில்லை, புதுஜோடி படகைக் கவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தது. வழிகாட்டி அவர்களிடம் விரைந்தான்; மற்றவர்களின் கவனமும் அங்கேயே போனது.

"இதான் நேரம். திட்டுக்கு விடு" என்றார் கணவர்.

"வேணாங்க. இப்பதானே சொன்னான்?"

"ஒரே ஒரு படம். உலகமா முங்கிடும்?"

அதுவரை அசையாத துடுப்புக்கு அப்போது எங்கிருந்துதான் உயிர் வந்ததோ! அவள் சுக்கானை மிதித்துத் திருப்பப் பார்த்தாள். முழங்கால் ஆழத்தில் அது மணலில் இடித்துக்கொண்டு நின்றது. அதற்குள் அவர் இறங்கி நடந்துவிட்டார்.

ஆலாக்கள் மொத்தமாக எழும்பி அலறின. அவர் மண்டியிட்ட இடத்துக்கு ஒரு கை தூரத்தில் மூன்று குஞ்சுகள் மணல் நிறத்தில் மணலோடு ஒட்டிக் கிடந்தன. மேலே ஒரு கடற்காகம் வட்டம் போட ஆரம்பித்தது. அவர் அதற்கும் லென்ஸைத் திருகினார்.

"போதும்! வெளிய வாங்க!"

அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது வார்டுக் குரல். அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கடற்காகம் இறங்கிய சத்தம் கேட்டதும் கேமரா மறுபடி அந்தப் பக்கம் திரும்பியது, விரல் தன் வேலையைச் செய்தது. கடற்காகம் ஒரு குஞ்சோடு மேலே போனது.

"கிடைச்சிடுச்சு!" என்றார்.

"வாங்கன்னு சொல்றேன்ல! இப்பவே!"

வந்து ஏறினார். தாய்ப்பறவை இறங்கி, மிச்சமிருந்த இரண்டின் மேல் உட்காரும் வரை அவள் படகைத் தள்ளி நிறுத்திவைத்துப் பார்த்தாள். திரும்பும் வழி முழுக்க அவள் துடுப்பை ஓங்கி ஓங்கிப் போட்டாள். அவ்வளவு ஆத்திரம்.

கரையில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேமராவை நீட்டினார். அலகில் குஞ்சோடு கடற்காகம். ஆஹா, ஓஹோ என்று புதுஜோடி வியந்தது.

"இயற்கைன்னா இப்படித்தான். ஈவு இரக்கம் பாக்காது" என்று பெரிய மனிதர் போலச் சொன்னார்.

வழிகாட்டியின் முகம் மாறியது. "மிதவைக்கு இந்தப் பக்கம் இருந்தா சார் இவ்வளவு கிட்ட எடுத்தீங்க?"

"எல்லாம் லென்ஸ் பண்ற வேலைப்பா. வேணும்னா இவளையே கேளு."

கூச்சமே இல்லாமல் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் பேசமாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அந்தச் சிரிப்புதான் அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது.

"லென்ஸ் இல்ல. இறங்கிப் போனாரு. இவர் போனதாலதான் தாய் எழும்புச்சு, இவராலதான் அந்தக் குஞ்சு செத்துச்சு" என்றாள்.

அவர் காது வரை சிவந்தார்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்குறியே!"

"அது செத்தத எல்லாருக்கும் காட்டுனீங்கல்ல? எப்படிச் செத்துச்சுன்னும் தெரியட்டும்."