செல்மா வீட்டில் இன்னொருவன் பெயர்

1
இந்தக் கதையைக் கீழ்வீட்டு செல்மாவிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். ஹைஃபாவில் எங்கள் கட்டடத்தில் எல்லோரிடமும் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த ஒரு பொருள் உண்டு. என்னிடம் மீனுக்கென்றே செய்த கத்திகள். உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆளில்லை. செல்மாவிடம் ஒரு துணிப்பட்டை.

முதல் தொடக்கம்: ‘எரியும் ஜெப ஆலயத்துக்குள் அஞ்சாமல் பாய்ந்தார் ஒரு தகப்பன்...’
(அடித்துவிட்டேன். செல்மாவின் அப்பா தோல் வியாபாரி, பயந்த சுபாவம். புகையில் மூக்குக்கண்ணாடியையும் தொலைத்தவர்.)

2
ஆண்குழந்தைக்கு விருத்தசேதனத்தன்று சுற்றிய துணியை, ஜெர்மன் யூதர்களான எங்களில் நீளப் பட்டையாகத் தைத்துப் பெயரைப் பூத்தையலிடுவார்கள். வேதச் சுருளைக் கட்ட அது ஆலயத்துக்குப் போகும். செல்மாவின் அண்ணன் லுட்விக்கை நாஜிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் பட்டையாவது மிஞ்சட்டுமென்று அப்பா எரியும் ஆலயத்தின் இழுப்பறையில் கைவிட்டு ஒன்றை உருவிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். ஹைஃபாவில் வந்து பிரித்தால் மெனாகேம் என்றிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் மகன்.

“அப்பா என்ன சொன்னார்?”

“கண்ணாடி இல்லாம பேர எப்படிப் படிக்கறதுன்னார். அம்மாதான் இஸ்திரி போட்டு மடிச்சு வச்சா. இவனும் ஒருத்தி பெத்த புள்ளதானேன்னா.”

இரண்டு பையன்களும் திரும்பி வரவில்லை.

3
இப்போது மெனாகேமின் தங்கை மகள் எப்படியோ கேள்விப்பட்டு உருகுவேயின் மாண்டிவிடியோவிலிருந்து வருகிறாள். “எங்ககிட்ட மாமாவோட போட்டோகூட இல்ல” என்றாளாம் தொலைபேசியில்.

முடிவு அ: செல்மா கொடுக்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

படித்துக்காட்டியதும் செல்மா சிரித்தாள். “மொகம் தெரியாதவளையா கட்டிப்பேன்? கை குடுப்பேன், காப்பி குடுப்பேன். அவ்ளோதான்.”

முடிவு ஆ: தொலைந்துவிட்டது என்கிறாள்.

“பொய் சொல்லத் தெரிஞ்சா நானும் உன்ன மாதிரி கத எழுதியிருப்பேன், மிர்யம்.”

முடிவு இ: கத்தரிக்கோலை எடுத்து நடுவில்

(இதை அவளிடம் காட்டவில்லை.)

4
இன்று அந்தத் தங்கை மகள் வரும் நாள். செல்மா பட்டையைச் சுருட்டி மடியில் வைத்திருக்கிறாள். வேண்டாத கதையில் மாட்டிக்கொண்டேனே என்று எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அழுகையாகவும் வருகிறது.

“அவங்களோடது. குடுத்துடணும். அது எனக்கே தெரியும்” என்றாள். “ஆனா அம்பது வருஷமா இந்தப் பேரத் தடவித்தான் லுட்விக்க நெனச்சிட்டிருக்கேன். அவன் பேரு எழுதினது எதுவும் எங்கிட்ட இல்ல. இதும் போயிட்டா அவன் எங்கடி இருப்பான்?”

கதவு மணி அடிக்கிறது. பேனாவை வைத்துவிட்டு நான் போய்த் திறந்தாக வேண்டும். செல்மா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது சொல்லுங்கள்.