தானாக வந்த வீடியோ

சம்பந்தி வீட்டார் தெற்கே ஓஷ் நகரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து திலெக்மத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் பெகாயிமின் காதில் இன்று மாமியார் கம்மல் மாட்டிவிட்டால் கல்யாணம் உறுதி. பெரிய விருந்தாளிக்கென்றே வேகவைத்த ஆட்டுத்தலையைத் தன் கையாலேயே சம்பந்தி எர்கெஷ்பாய் முன்னால் வைத்தார்.

"தெற்கென்ன, வடக்கென்ன சம்பந்தி? எல்லாரும் கிர்கிஸ் ஜனங்கதானே!"

வடக்கே இந்தத் தலைநகர் பிஷ்கெக்கில் இந்த வசனத்தைச் சபையில் பேசாத வடக்கத்தியார் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசுவார்கள் என்பது வேறு விஷயம்.

தேநீர் வந்ததும், மாப்பிள்ளை குதிரையேறி ஆடிய போட்டியைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார். பையன் கூட்டத்துக்குள் பாய்ந்து, அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ஆட்டுடலைப் பறித்துக் குழியில் எறிந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். வீடியோ முடிந்தது. அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்தது.

"ஓஷ்காரன் கையில நாற்காலியைக் குடுத்தா உங்க வீட்டு அடுப்பைக்கூட வித்துத் தின்னுடுவான்!" என்று திரையில் மேசையைக் குத்திக் கத்தினான் ஒருவன்.

திலெக்மத் பதறிப்போய் ரிமோட்டில் எதையோ அமுக்கினார். ஆள் போய்ப் பட்டியல் வந்தது. வரிசையாக அதே ஆள், அவனைப் போலவே இன்னும் சிலர். எல்லாத் தலைப்பும் தெற்கத்தியாருக்கு அர்ச்சனை.

"ஐயோ, இதெல்லாம் தானா வருது சம்பந்தி! நான் தேடினதே இல்ல."

தேடவில்லை என்பது உண்மைதான். தேர்தல் சமயத்தில் அந்த ஆளின் பேச்சு ஒன்று தானாகத்தான் வந்தது. இவர் கடைசிவரை பார்த்தார், சிரித்தார். எதில் நிற்கிறார், எதைத் தள்ளிவிடுகிறார் என்று அந்த வீடியோ ஆப் கவனித்துக்கொண்டது. மறுநாள் அதே ருசியில் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தது. அது பரிமாறப் பரிமாற, இவரும் போதும் என்று சொல்லவில்லை.

"தானா வருமா? எனக்குக் குதிரை வியாபார வீடியோதான் வருது" என்றார் எர்கெஷ்பாய்.

அவர் மனைவி சூராகான், மாட்டிவிடத் திறந்து வைத்திருந்த கம்மல் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெகாயிம் சட்டென்று எழுந்தாள். "நான் பார்த்தது அத்தை. காலேஜ்ல ஒரு கட்டுரைக்காக... அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

திலெக்மத் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்க..." என்று இழுத்து, வருத்தமாகத் தலையை வேறு ஆட்டிக்கொண்டார், பாவி மனுஷன்.

சூராகான் கொஞ்ச நேரம் பெகாயிமையே பார்த்திருந்தாள். பிறகு எழுந்து வந்து அவள் காதில் கம்மலை மாட்டினாள்.

"நீ நல்ல பொண்ணும்மா. நாங்க உனக்காகத்தான் வந்தோம்."

திலெக்மத்துக்கு மூச்சு வந்தது. சூராகான் அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"டிவியை அணைச்சிடுங்க சம்பந்தி. மேல ஓரத்துல உங்க போட்டோவும் பேரும் அப்பலேர்ந்து தெரிஞ்சுக்கிட்டே இருக்கு."

பார்த்தார். தொப்பியும் சிரிப்புமாக அவரேதான். மகள் பொய் சொன்னபோதே அது பொய்யென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பன்காரன் வாய் திறப்பானா என்றுதான் இவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறார்கள். பெகாயிம் வந்து அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.